சாவி ஜோடி: உருவாக்குவது முதல் நீக்குவது வரை

"உங்கள் பொதுச் சாவியை அனுப்புங்கள்" என்று யாராவது கேட்கும்போதுதான் பலரும் முதன்முதலாக இந்த விஷயத்துக்குள் வருகிறார்கள். ஒரு சர்வருக்குள் நுழைய வேண்டியிருக்கும், அல்லது நிரல்களை ஏற்றி வைக்கும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும், அல்லது ஒருவர் உங்களுக்கு ரகசியமாக ஒரு கோப்பு அனுப்ப நினைத்திருப்பார். தேடினால் ஒரு கட்டளை கிடைக்கும், அதை அடித்தால் இரண்டு கோப்புகள் வந்து விழும், பல குறிப்புகள் அத்தோடு முடிந்துவிடும். எனக்கு அதில்தான் வருத்தம். சாவி உருவாக்குவது ஒரு நிமிட வேலை. எதை அனுப்பலாம், எதை அனுப்பவே கூடாது, அடுத்தவர் அனுப்பிய சாவி உண்மையிலேயே அவருடையதுதானா, தொலைந்தால் என்ன, திருடு போனால் என்ன என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது, பாதுகாப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

எந்த வேலைக்கு எந்தச் சாவி

ஜோடியில் இரண்டு சாவிகள். பொதுச் சாவி, அதாவது பப்ளிக் கீ, யார் கையில் வேண்டுமானாலும் போகலாம். தனிச் சாவி, பிரைவேட் கீ, உங்களை விட்டு எங்கும் போகக் கூடாது. இரண்டும் ஒரே கணக்கில் சேர்ந்து பிறந்தவை. தனிச் சாவி கையில் இருந்தால் பொதுச் சாவியைச் சட்டென்று கணக்கிட்டுவிடலாம், ஆனால் பொதுச் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு தனிச் சாவியைக் கண்டுபிடிக்க இன்றைய கணினிகளால் நடைமுறையில் முடியாது.

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஒரு செய்தியை மறையாக்கி, அதாவது வேறு யாரும் படிக்க முடியாதபடி மாற்றி, அனுப்ப யாருடைய எந்தச் சாவி? கையொப்பமிட, அதாவது அனுப்பியது நான்தான் என்று நிரூபிக்க, எது? இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஒருவரால் மட்டுமே முடிய வேண்டிய வேலை எது என்று கேளுங்கள், அதற்கு அவருடைய தனிச் சாவி. மறையாக்கிய செய்தியைப் படிப்பது பெறுபவரால் மட்டுமே முடிய வேண்டும், ஆக பிரிப்பதற்கு அவருடைய தனிச் சாவி, பூட்டுவதற்கு அவருடைய பொதுச் சாவி. கையொப்பமிடுவது உங்களால் மட்டுமே முடிய வேண்டும், ஆக அதற்கு உங்கள் தனிச் சாவி, சரிபார்ப்பவர் பயன்படுத்துவது உங்கள் பொதுச் சாவி. ஒரு நண்பருக்கு மறையாக்கியும் கையொப்பமிட்டும் ஒரு கோப்பை அனுப்புகிறீர்கள் என்றால் அவருடைய பொதுச் சாவியும் உங்கள் தனிச் சாவியும் இங்கே வேலை செய்கின்றன, அவர் பக்கத்தில் அவருடைய தனிச் சாவியும் உங்கள் பொதுச் சாவியும்.

சின்ன எண்களில் போட்டுப் பார்ப்போம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போனாலும் பாதகமில்லை, ஆனால் ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தால் "பூட்டியவராலேயே திறக்க முடியாது" என்பது எப்படி சாத்தியம் என்று புரிந்துவிடும். பொதுச் சாவி என்ற எண்ணத்தை விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மேனும் 1976ல் வெளியிட்டார்கள், அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மேன் மூவரும் ஆர்எஸ்ஏ முறையைக் கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட அதே முறையை பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூவில் கிளிஃபர்ட் காக்ஸ் 1973லேயே கண்டுபிடித்திருந்தார், 1997 வரை அது வெளியே வரவில்லை.

3, 11 என்று இரண்டு பகா எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 33. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்கினால், 2 பெருக்கல் 10, வருவது 20. இப்போது 3ஐப் பொதுச் சாவியின் அடுக்காக வைப்போம். 3ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும், அப்படி ஒரு எண் 7, ஏனென்றால் 3 பெருக்கல் 7 என்பது 21. ஆக 33ம் 3ம் பொதுச் சாவி. 33ம் 7ம் தனிச் சாவி.

எனக்கு 4 என்ற எண்ணை ரகசியமாக அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4ஐ மூன்று முறை, அதாவது 4 பெருக்கல் 4 பெருக்கல் 4 என்று, பெருக்கினால் 64, அதை 33ஆல் வகுத்தால் மீதி 31. இந்த 31ஐத்தான் அனுப்புவீர்கள். நான் 31ஐ ஏழு முறை பெருக்கி 33ஆல் வகுத்து மீதி பார்க்க வேண்டும். பெரிய எண்ணாகுமே என்று பயப்பட வேண்டாம், ஒவ்வொரு படியிலும் மீதியை எடுத்துக்கொண்டே போகலாம். 31 பெருக்கல் 31 என்பது 961, மீதி 4. அப்படியென்றால் நான்காம் அடுக்குக்கு 16, ஆறாம் அடுக்குக்கு 16 பெருக்கல் 4, அதாவது 64, மீதி 31. இன்னொரு முறை 31ஆல் பெருக்கினால் மறுபடியும் 961, மீதி 4. நீங்கள் அனுப்பிய எண் வந்துவிட்டது.

கையொப்பம் இதன் மறுபக்கம். 4 என்ற எண்ணுக்கு நான் கையொப்பமிட 4ஐ ஏழு முறை பெருக்குகிறேன், 16384, மீதி 16. யார் வேண்டுமானாலும் 16ஐ மூன்று முறை பெருக்கி, 4096, மீதி 4 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். என் 7 தெரியாத ஒருவரால் அந்த 16ஐ உருவாக்கியிருக்க முடியாது.

33ஐ 3, 11 என்று யாரும் பிரித்துவிடுவார்கள், பிரித்துவிட்டால் 7ஐக் கண்டுபிடிப்பது ஒரு நொடி வேலை. நிஜத்தில் பயன்படும் 2048 பிட் சாவியில் 33 இருக்கும் இடத்தில் 617 இலக்கம் கொண்ட எண் இருக்கும். ஆர்எஸ்ஏ சவால் எண்களில் 250 இலக்கம் கொண்ட ஒன்றை 2020ல் பிரித்துக் காட்டினார்கள், அதற்கே பல கணினிகளை இணைத்து மாதக்கணக்கில் ஓட்ட வேண்டியிருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "கையொப்பம் என்பது தனிச் சாவியால் மறையாக்குவது" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், ஆனால் அது ஆர்எஸ்ஏயின் வெறும் கணக்குக்கு மட்டும் ஓரளவு பொருந்தும். நிஜ ஆர்எஸ்ஏயில் இரண்டு வேலைக்கும் செய்தியோடு கூடுதல் பைட்டுகளைச் சேர்த்து வேறு வேறு விதமாகப் பொதிந்த பிறகுதான் கணக்குப் போடுகிறார்கள், எட்25519 போன்ற முறைகளிலோ கையொப்பம் மட்டும்தான், மறையாக்கம் என்ற பேச்சே கிடையாது.

அப்புறம், பெரிய கோப்பை யாரும் நேரடியாகப் பொதுச் சாவியால் மறையாக்குவதில்லை. 2048 பிட் ஆர்எஸ்ஏயில், வழக்கமான பாதுகாப்பான பொதிவோடு, ஒரு தடவைக்கு 190 பைட்தான் உள்ளே போகும். தமிழில் எழுதினால் யூனிகோடு குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஒரு நீண்ட வாக்கியம்கூட அடங்காது. அதனால் மென்பொருள் என்ன செய்கிறதென்றால், ஏஇஎஸ் போன்ற வேகமான முறைக்கு ஒரு தற்காலிகச் சாவியைப் புதிதாக உண்டாக்கி, கோப்பை அதனால் மறையாக்கி, அந்தச் சின்னச் சாவியை மட்டும் பெறுபவரின் பொதுச் சாவியால் மூடி அனுப்புகிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமலே நடக்கும்.

முதல் படி: உங்கள் கணினியிலேயே உருவாக்குங்கள்

சாவி ஜோடியை உருவாக்கித் தருகிறோம் என்று சொல்லும் இணையதளங்கள் பக்கமே போகாதீர்கள். அங்கே உருவான தனிச் சாவி உங்களுக்கு முன்பே இன்னொருவர் கணினியைப் பார்த்துவிட்டது. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் இப்போது ஓபன்எஸ்எஸ்எச் கிடைக்கிறது, தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் முறைக்கான மென்பொருள் அது. டெர்மினலைத் திறந்து அதன் கீஜென் கட்டளையைக் கொடுங்கள், வகை எட்25519 என்று அதிலேயே குறிப்பிடுங்கள். பழைய சர்வர் அதை ஏற்காவிட்டால் மட்டும் ஆர்எஸ்ஏ, குறைந்தது 3072 பிட். எட்25519 சாவி வெறும் 256 பிட்தானே, சின்னதாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம், அது நீள்வட்ட வளைவுக் கணிதம், ஆர்எஸ்ஏயின் பிட் எண்ணிக்கையோடு அதை ஒப்பிடவே கூடாது.

உருவாக்கும்போது கடவுத்தொடர், அதாவது பல சொற்கள் கொண்ட நீளமான கடவுச்சொல், கேட்கும். எண்டர் தட்டிவிட்டுப் போகாதீர்கள். மடிக்கணினி களவு போனாலோ, பேக்கப் எங்காவது வெளியேறினாலோ, தனிச் சாவிக் கோப்பை எடுத்தவருக்கும் அதன் பயனுக்கும் நடுவில் நிற்பது அந்தத் தொடர் மட்டும்தான். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். ஒவ்வொரு முறையும் அடிக்க வேண்டுமே என்று அலுத்துக்கொள்ளவும் தேவையில்லை, எஸ்எஸ்எச் ஏஜென்ட் என்ற துணை நிரல் ஒரு முறை கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளும்.

சாவியின் பலம் முழுவதும் அது எவ்வளவு தற்செயலாகப் பிறந்தது என்பதில் இருக்கிறது. 2006 செப்டம்பர் முதல் 2008 மே வரை டெபியன் லினக்ஸில் இருந்த ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் ஒரு திருத்தம் தவறிப்போய், சாவி உருவாக்கத்தில் தற்செயல் என்று மிச்சமிருந்தது அப்போது ஓடிக்கொண்டிருந்த செயல்முறையின் எண் மட்டும். அதாவது ஒரு வகைக் கணினியில், ஒரே அளவுக்கு, மொத்தமே 32,768 சாவிகள்தான் பிறக்க முடியும். எல்லாவற்றையும் முன்கூட்டியே பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக முயன்று பார்த்துவிடலாம். கணிதத்தில் ஒரு குறையும் இல்லை, சாவியின் நீளத்திலும் குறையில்லை, ஆனாலும் உலகம் முழுக்க சாவிகளை மாற்ற வேண்டியிருந்தது. அதனால்தான் நன்கு பழகிய, பலரும் சோதித்த கருவியைப் பயன்படுத்துங்கள் என்று இவ்வளவு சொல்கிறேன். சொந்தமாக நிரல் எழுதி சாவி உருவாக்குவது படிப்பதற்கு நல்ல பயிற்சி, பயன்படுத்துவதற்கு வேண்டாம்.

இரண்டாம் படி: இரண்டு கோப்புகளையும் திறந்து பாருங்கள்

ஆமாம், இரண்டையும் ஒரு முறை கண்ணால் பாருங்கள், பிறகு ஒருநாளும் மாற்றி அனுப்ப மாட்டீர்கள். பெயரின் கடைசியில் புள்ளி வைத்து பப் என்று முடிவது பொதுச் சாவி. அது ஒரே வரி: முதலில் வகையின் பெயர், பிறகு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரம், கடைசியில் ஒரு குறிப்பு. இன்னொன்று பல வரிகளாக இருக்கும், தொடக்கத்திலேயே பிரைவேட் கீ என்று கோடுகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அந்தத் தலைப்பு வரி கண்ணில் பட்டால், அதை மின்னஞ்சலிலோ அரட்டையிலோ உதவி கேட்கும் பதிவிலோ ஒட்டாதீர்கள். சர்வர் நிர்வாகி கேட்டாலும், உதவி மையத்தில் இருந்து கேட்டாலும் தர வேண்டாம். உங்கள் தனிச் சாவி இருந்தால்தான் முடியும் என்று இன்னொருவர் சொல்லும் எந்த வேலையும் தவறாக அமைக்கப்பட்ட வேலை.

கோப்பின் அனுமதியையும் கவனியுங்கள். உங்களைத் தவிர வேறு பயனர் படிக்கும்படி தனிச் சாவி இருந்தால் எஸ்எஸ்எச் அதைப் பயன்படுத்த மறுத்துவிடும். பலர் அதைப் பிழை என்று நினைத்துக் குழம்புகிறார்கள், அனுமதியை 600, அதாவது நீங்கள் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும்படி, ஆக்கினால் சரியாகிவிடும்.

மூன்றாம் படி: பொதுச் சாவியைச் சேர்ப்பது, முதல் முறை நுழைவது

பொதுச் சாவியின் அந்த ஒரு வரியை சர்வரில் உங்கள் கணக்கில் இருக்கும் அனுமதிக்கப்பட்ட சாவிகளின் கோப்பில் சேர்க்க வேண்டும், அதன் பெயர் ஆத்தரைஸ்டு கீஸ். ஒரு சாவிக்கு ஒரு வரி. ஒட்டும்போது நடுவில் வரி உடைந்தால் வேலை செய்யாது, புதியவர்களுக்கு வரும் சிக்கல்களில் பாதி இதுதான்.

நுழையும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் தனிச் சாவி சர்வருக்குப் போவதே இல்லை. அந்த இணைப்புக்கென்றே உருவான அடையாளம் ஒன்றை உள்ளடக்கிய தகவலுக்கு உங்கள் கணினி கையொப்பமிட்டு அனுப்புகிறது, சர்வர் தன்னிடம் உள்ள பொதுச் சாவியால் சரிபார்க்கிறது. நடுவில் யாராவது அந்தக் கையொப்பத்தைப் பிடித்து வைத்துக்கொண்டாலும் அடுத்த இணைப்பில் அது செல்லாது. கடவுச்சொல்லை விட இது எவ்வளவோ மேல் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்: சர்வரே திருடர் கைக்குப் போனாலும் அங்கே இருந்து எடுக்க உங்கள் ரகசியம் எதுவும் இல்லை.

முதல் முறை இணையும்போது இன்னொன்றும் நடக்கும். இந்த சர்வரின் சாவிக் கைரேகை இது, தொடரலாமா என்று கேட்கும். கைரேகை என்பது சாவியை அடையாளம் காட்டும் ஒரு குறுகிய சரம். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு யெஸ் என்று அடித்துவிடுகிறார்கள். சர்வருக்கும் ஒரு சாவி ஜோடி உண்டு, அது நீங்கள் நினைக்கும் சர்வர்தானா என்று தெரிந்துகொள்ளும் ஒரே வாய்ப்பு அந்தக் கேள்விதான். நிர்வாகியிடம் கைரேகையை முன்கூட்டியே வாங்கி வைத்து ஒப்பிடுங்கள், பெரிய சேவைகள் அதைத் தங்கள் உதவிப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். பின்னாளில் ஒருநாள் சாவி மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வந்தால், உங்கள் கணினி நினைவில் வைத்திருக்கும் அந்த சர்வரின் பழைய சாவி வரியை நீக்கிவிட்டுத் தொடர்வது எப்படி என்று உடனே தேடாதீர்கள், ஏன் மாறியது என்று முதலில் கேளுங்கள். நியாயமான காரணமும் இருக்கலாம். 2023 மார்ச்சில், நிரல்களை ஏற்றி வைக்கும் தளமான கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ சாவி சிறிது நேரம் பொதுவில் வெளிப்பட்டதால் அதை மாற்றி, புதிய கைரேகையை அறிவித்தது. அந்த அறிவிப்பைப் பார்த்து ஒப்பிட்டுவிட்டுத் தொடர்ந்தவர்கள் செய்ததே சரி.

நான்காம் படி: இந்தச் சாவி யாருடையது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கணிதம் உடைந்து ரகசியம் வெளியானதை விட, தவறான ஆளின் சாவியை நம்பி வெளியாவது மிக எளிது.

எப்படி என்று பாருங்கள். நீங்கள் தோழியின் பொதுச் சாவியைக் கேட்கிறீர்கள். நடுவில் இருக்கும் ஒருவன் அவள் அனுப்பியதை நிறுத்திவிட்டுத் தன் சாவியை அவள் பெயரில் உங்களுக்கு அனுப்புகிறான். நீங்கள் அதனால் மறையாக்கி அனுப்புவதை அவன் பிரித்துப் படித்துவிட்டு, அவளுடைய உண்மையான சாவியால் மறுபடியும் மூடி அவளுக்கு அனுப்பிவிடுகிறான். இரண்டு பக்கமும் எல்லாம் சரியாக நடப்பதாகவே தெரியும். சாவியின் மீது எழுதியிருக்கும் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் எதையும் நிரூபிப்பதில்லை, யார் பெயரில் வேண்டுமானாலும் சாவி உருவாக்கலாம்.

இதற்குத்தான் கைரேகை. பொதுச் சாவியை ஹேஷ் என்ற சுருக்கும் கணக்கில் போட்டு வரும் குறுகிய சரம் அது, சாவி மாறினால் கைரேகையும் மாறும். சாவி எந்த வழியில் வந்ததோ அதைத் தவிர்த்து இன்னொரு வழியில் ஒப்பிட வேண்டும் என்பதுதான் விதி. மின்னஞ்சலில் சாவி வந்ததா, குரல் தெரிந்தவர் என்றால் தொலைபேசியில் கைரேகையைப் படிக்கச் சொல்லுங்கள், நேரில் பார்க்கும்போது ஒப்பிட்டால் இன்னும் நல்லது. கடைசி நாலு எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், அந்த அளவுக்கு மட்டும் ஒத்துப்போகும் போலிச் சாவியை உருவாக்குவது சுலபம். சிக்னல் செயலியில் ஒவ்வொரு உரையாடலுக்கும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் ஒன்று காட்டும், இருவர் திரையிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும், அதுவும் இதே வேலைதான்.

இணையதளங்களுக்கு இப்படி ஒவ்வொருவரும் ஒப்பிட முடியாது என்பதால் உலாவிகள் சான்றிதழ் வழங்கும் அமைப்புகளை நம்புகின்றன. இந்தப் பொதுச் சாவி இந்த முகவரிக்குரியது என்று அவை கையொப்பமிட்டுத் தருகின்றன. அவ்வளவுதான் தருகின்றன, அந்தத் தளத்தை நடத்துபவர் நல்லவர் என்று அல்ல. முகவரிப் பட்டையில் பூட்டைப் பார்த்துவிட்டு எல்லாம் நம்பகமானது என்று நினைத்துவிடக் கூடாது.

ஐந்தாம் படி: கோப்பை மறையாக்கி, கையொப்பமிட்டு அனுப்புவது

இதற்கு ஜிபிஜி என்ற மறையாக்க மென்பொருளைப் பயன்படுத்தலாம். பெறுபவரின் பொதுச் சாவியை உள்ளே சேர்த்து, கைரேகையை ஒப்பிட்டு, பிறகு அவர் பெயருக்கு மறையாக்குங்கள். உங்களையும் ஒரு பெறுநராகச் சேர்க்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் நீங்கள் அனுப்பியதை நாளை நீங்களே படிக்க முடியாது. கோப்பின் உள்ளடக்கம்தான் மறையும், மின்னஞ்சலின் தலைப்பு, யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பதெல்லாம் வெளியே தெரிந்துகொண்டுதான் இருக்கும்.

ஜிபிஜி சாவியைப் பார்த்தால் கையொப்பத்துக்கு ஒன்று, மறையாக்கத்துக்கு ஒன்று என உள்ளே தனித்தனியாக இருக்கும். நல்ல ஏற்பாடு. மறையாக்கச் சாவி தொலைந்தால் பழைய கோப்புகள் எல்லாம் போய்விடும், அதனால் அதற்கு நகல் வேண்டும். கையொப்பச் சாவிக்கு நகல் பெருகுவது ஆபத்து, தொலைந்தால் புதிதாக ஒன்றை உருவாக்கி அறிவித்துவிடலாம்.

மென்பொருளைத் தரவிறக்கும்போது கையொப்பத்தைச் சரிபார்ப்பதும் நல்ல பழக்கம். ஆனால் கோப்பு, கையொப்பம், பொதுச் சாவி மூன்றையும் ஒரே பக்கத்தில் இருந்து எடுத்தால் பெரிய பயன் இல்லை, அந்தப் பக்கத்தை மாற்றியவர் மூன்றையும் மாற்றியிருப்பார்.

தொலைவது வேறு, திருடு போவது வேறு

இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்ப வேண்டாம். எஸ்எஸ்எச் சாவி தொலைந்தால் நுழைய இன்னொரு வழி இருந்தால் போதும், புதிய சாவியைச் சேர்த்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். மறையாக்கத் தனிச் சாவி தொலைந்தால், அதற்கென்று மூடப்பட்ட எதையும் யாராலும் மீட்க முடியாது. கடவுச்சொல்லை மாற்றித் தருவது போல மாற்றித் தர இங்கே எந்த அலுவலகமும் இல்லை. அதனால் கடவுத்தொடரால் பூட்டிய ஒரு நகலை, இணையத்தில் இல்லாத ஒரு சேமிப்பில் வைத்துவிடுங்கள்.

திருடு போனால் அவசரம். கடவுத்தொடரை மாற்றுவதில் பயனில்லை, திருடியவரிடம் உள்ள நகலில் பழைய தொடர்தான் இருக்கும். அந்தப் பொதுச் சாவி எந்தெந்த சர்வரில், எந்தெந்தக் கணக்கில் இருக்கிறதோ அங்கெல்லாம் இருந்து நீக்க வேண்டும். ஜிபிஜி என்றால், இந்தச் சாவியை இனி நம்ப வேண்டாம் என்று அறிவிக்கும் ரத்துச் சான்றிதழை வெளியிட வேண்டும், புதிய பதிப்புகள் சாவி உருவாகும்போதே அதையும் உருவாக்கி வைத்துவிடுகின்றன, அதை மட்டும் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் தனிச் சாவியைத் தவறுதலாக ஏற்றிவிட்டால், அடுத்த கமிட்டில் நீக்கியதால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள், வரலாற்றில் அது அப்படியே இருக்கிறது. திருடு போனதாகவே வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

குவாண்டம் கணினி வந்தால் இதெல்லாம் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்எஸ்ஏயையும் நீள்வட்ட வளைவுகளையும் உடைக்கும் வழிமுறையை பீட்டர் ஷோர் 1994லேயே கொடுத்துவிட்டார், அதை நிஜச் சாவிகள் மீது ஓட்டும் அளவுக்குப் பெரிய கணினி இன்னும் வரவில்லை. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2024 ஆகஸ்டில் மாற்று முறைகளுக்கான தரங்களை வெளியிட்டது, ஓபன்எஸ்எஸ்எச் 2022லேயே இணைப்புக்கான சாவிப் பரிமாற்றத்தில் அப்படிப்பட்ட ஒன்றைக் கலந்து, தானாகவே பயன்படும்படி வைத்துவிட்டது. மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருந்தால் இப்போதைக்குப் போதும்.

கடைசியாக, சுத்தம் செய்வது

ஒரு கணினிக்கு ஒரு சாவி ஜோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தனிச் சாவியை மடிக்கணினி, மேசைக் கணினி, அலுவலகக் கணினி என்று நகலெடுத்துக்கொண்டே போனால், ஒன்று களவு போனால்கூட எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். தனித்தனியாக இருந்தால் ஒரு வரியை நீக்கினால் முடிந்தது. அதற்காகத்தான் பொதுச் சாவியின் கடைசியில் அந்தக் குறிப்பு இருக்கிறது, எந்தக் கணினி, எந்த ஆண்டு என்று அதில் எழுதிவிடுங்கள்.

சில மாதங்களுக்கு ஒரு முறை ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். வேலையை விட்டுப் போனவருடைய சாவி, விற்றுவிட்ட கணினியின் சாவி, யாருடையது என்றே தெரியாத சாவி எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும். உங்கள் கணக்கு என்றால் தெரியாததை உடனே நீக்குங்கள், பலர் பயன்படுத்தும் கணக்கு என்றால் அவர்களிடம் கேட்டுவிட்டு. நீக்கும்போது திறந்திருக்கும் இணைப்பை மூடிவிடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகு வெளியே வாருங்கள்.